பறிமுதல் செய்த பர்ஃபி

ஃபைசான் படியேறும்போதே பார்த்துவிட்டான். சர்க்கரை நோயாளியான அவன் அத்தா அப்துல் வஹீத், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டப்பா நிறைய பாதாம் பர்ஃபி.

"யார் குடுத்தது?"

"ஷாகிராதான். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்றார், பரிசு வாங்கிய பள்ளிப் பையனைப் போல.

நங்கநல்லூரிலிருந்து மாதம் ஒருமுறை மயிலாப்பூருக்கு வந்துபோகும் மூத்த மகன் ஃபைசான். மாதம் முழுவதற்குமான அக்கறையும் அவனுக்கு அந்த ஒரு நாளில்தான் சுரக்கும். தம்பி மனைவி ஷாகிராவைக் கூப்பிட்டு நிறுத்தினான். கண் போனால் யார் பொறுப்பு, கால் போனால் யார் பொறுப்பு என்று உறுப்பு உறுப்பாக விசாரித்தான்.

ஏதோ சொல்ல வாயெடுத்த ஷாகிரா, மாமனாரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு இன்னும் எரிந்தது.

"உன் சொந்த அத்தாவா இருந்தா இப்படி விஷம் வைப்பியா?"

அவள் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை வந்து அத்தாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போகப் போவதாக அறிவித்துவிட்டு, டப்பாவைப் பறிமுதல் செய்துகொண்டு கிளம்பினான். அத்தா வாயே திறக்கவில்லை.

பறிமுதல் செய்ததை அழித்துவிடுவதுதானே முறை? சைதாப்பேட்டை சிக்னலில் அழிக்கத் தொடங்கியவன், கத்திப்பாரா தாண்டுவதற்குள் டப்பாவின் அடியைத் தொட்டுவிட்டான்.

அன்று மாலை முழுவதும் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடையாய் நடந்தான். நடுவில் கிடைத்த இடைவேளையில் ஷாகிராவுக்குப் போன் போட்டான்.

"ஊசிப்போன பர்ஃபியையா பெரியவருக்குப் போடுறே?"

"எல்லாத்தையும் நீங்களே சாப்பிட்டீங்களா அண்ணே?" அவள் குரல் பதறியது. "அதுல சர்க்கரையே இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த லாக்டிடால் பவுடர். மலச்சிக்கல் மருந்து. பாட்டில் மருந்துன்னா, 'நான் என்ன படுத்த படுக்கையாவா கீறேன்'னு மாமா வாஷ்பேசின்ல ஊத்திடறாரு. அதான் பர்ஃபியில கலந்தேன். அவர் எதிர்ல எப்படிச் சொல்றது?"

லாக்டிடாலை வேதியியல்காரர்கள் ஆல்கஹால் வம்சத்தில் சேர்ப்பார்கள். போதை தராது, இனிக்கும், ரத்தச் சர்க்கரையை அவ்வளவாகத் தொடாது. அளவு மீறினால் குடல் மட்டும் மன்னிக்காது. அந்தக் கடைசிப் பாடம் ஃபைசானுக்கு ஏற்கெனவே நடத்தப்பட்டிருந்தது.

போனை வைத்த சற்று நேரத்தில் அத்தாவே கூப்பிட்டார், தணிந்த குரலில்.

"மருந்து நல்லா வேலை செய்யுதா நைனா?"

"அத்தா! உங்களுக்குத் தெரியுமா?"

"தின்ன மறுநாளே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. மாமாவை ஏமாத்திட்டோம்னு அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ சந்தோஷம்."

"அப்புறம் ஏன் நான் கத்தும்போது சும்மா இருந்தீங்க?"

"அவளைப் பார்த்து விஷம் வைப்பியான்னு கேட்டே பாரு, அதுக்குத்தான் டப்பாவைத் தூக்கிட்டுப் போகட்டும்னு விட்டேன். நீ வழியிலேயே தின்னுடுவேன்னு எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக வராதே. பாதாம் வாங்கிட்டு வா."