பத்தூலின் ரொட்டி

ஃபெஸ் நகரை விட்டுக் கடலோரம் குடிபோவதென்று முடிவாகிவிட்டது. லராஷா, அஸீலாவா என்பதுதான் பாக்கி. பத்தூலும் அவள் கணவன் ஜலாலும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதலில் லராஷுக்கு வந்தார்கள். வீடு பிடித்திருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல்.

ரொட்டி வாங்கத் தெருவின் பொது அடுப்புக்குப் போனாள் பத்தூல்; வீடுகளில் பிசைந்து அனுப்பும் மாவைச் சுட்டுத் தரும் இடம் அது. அடுப்புக்காரர் ஒரு பலகையை நீட்டினார்.

"இவ்வளவு நேரமாம்மா? ஆறிப்போனா என்னைத்தான் திட்டுவே."

"நாங்க இன்னைக்குத்தான் இந்த ஊருக்கே வர்றோம், மாமா."

"தினம் ஒரு கேலி உனக்கு! உன் ரொட்டி எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு ரொட்டியிலும் மூன்று விரல்குழிகள், குறுக்கே ஒரு கீறல். மற்ற வீட்டு ரொட்டிகளோடு கலந்துவிடாமலிருக்க ஃபெஸில் தினமும் அவள் மாவில் பதிக்கும் அதே அடையாளம். தலைக்கு ஒன்றாக நான்கு பிசைவாள். பலகையில் மூன்று இருந்தன.

"மூணுதானா?"

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "கோடைக்கப்புறம் மூணுதானேம்மா."

கோடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"லராஷ் வேண்டாம்" என்றாள் ஜலாலிடம்.

"ஜன்னல்லயே கடல்னு குதிச்சது நீதானே!" என்று சிரித்தான் அவன்.

மறுநாள் அஸீலாவில், வீட்டைப் பார்க்குமுன் பிள்ளைகளோடு அடுப்பைத் தேடிப் போனாள். அங்கிருந்தவர் அவளைக் கண்டதும் துணி போர்த்திய பலகையை எடுத்து வைத்தார். துணிமேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. பசிக்கிறதென்று பிள்ளைகள் இருவரும் அவள் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் துணியை விலக்காமல் நின்றாள்.