சொந்த வரிகள்

பாடகரின் மனைவியும் பாடகிதான். அவர் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதால், பிறர் பெயரில் பாட்டு எழுதிப் பிழைக்கும் பாடலாசிரியரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்தார் பாடகர்.

"தம்பி, என் கண்ணீரை என்னைத் தவிர எவனாலயும் எழுத முடியாது. ஆனா எனக்கு நேரமில்ல. நீ எழுதிடு."

"வழக்கம்போலத்தானேண்ணே."

மன்னிப்புப் பாட்டு போனது. மனைவியின் பதில் பாட்டும் வந்தது. பாடகர் கேட்டுக் கேட்டு மூக்கைச் சிந்தினார்.

"நாளைக்கு வந்துடுறாளாம். அவளே உக்காந்து எழுதியிருக்கா. கூலிக்கு எழுதுற உனக்கு இப்படி ஒரு வரி வருமா?"

"சத்தியமா வராதுண்ணே."

பாடலாசிரியரின் போனில் செய்தி வந்து விழுந்தது.

'தம்பி, அவர் எழுதின பாட்டுல இருந்த உருக்கம் நீங்க எழுதிக் கொடுத்த பதில்ல இல்ல. பரவாயில்ல, வேலை நடந்துடுச்சு. அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. – அண்ணி.'