நாலரை இஞ்சுச் சுவர்

அழகேசன் போட்டது வீணை. ஸ்பீக்கரில் வந்தது குத்துப்பாட்டு.

போன் அவர் கையில்தான் இருந்தது. விரல் எதையும் தொடவில்லை.

"இதைக் கேக்கத்தான் திருச்சிக்கு ரெண்டு நடை போனீங்களா?" என்றாள் மனைவி ஜானகி, சின்ன வெங்காயம் உரித்தபடி.

அழகேசன் பாட்டை நிறுத்தினார். மறுபடி வீணையைப் போட்டார். அரை நிமிடம் ஓடியது. மறுபடி குத்துப்பாட்டு. இந்த முறை இன்னும் சத்தமாக.

மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். போனில் தேர்ந்தெடுக்கும் பாட்டை வைஃபை வழியாக இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டிகள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருடம் இரைச்சலைக் கேட்ட காதுக்கு நல்ல சங்கீதம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர்களும் போன வருடமே அவர் ஊரான குன்னத்துக்கு வந்துவிட்டன. இதுதான் பாக்கி.

இரண்டையும் வீட்டில் வைத்துக் கேளுங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திங்கட்கிழமை கொடுங்கள் என்று கடைக்காரர் அறிவழகன் அனுப்பியிருந்தார். இன்று ஞாயிறு.

காலையில் கறுப்பைக் கேட்டாயிற்று. தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. கறுப்புதான் என்று பாதி முடிவு செய்துவிட்டுத்தான் சாம்பலை மாட்டினார்.

சத்தத்தைக் குறைத்தார். அது தானாகக் கூடியது. மறுபடி குறைத்தார். இரண்டு மடங்கு கூடியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசலுக்குப் போய்க் கடைக்குப் போன் செய்தார்.

"பெட்டியில கோளாறே இல்ல சார்," என்று அறிவழகன் சிரித்தார். "உங்க வைஃபைல இருக்குற எந்தப் போன்லேருந்தும் சாம்பலுக்குப் பாட்டு அனுப்பலாம். வூட்டுல வேற யாரோ போடுறாங்க. கறுப்பு அப்படியில்ல. உங்க போனுக்கு மட்டுந்தான் அடங்கும்."

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜானகியின் போன் சார்ஜில் கிடந்தது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பிரவீணா, இந்தச் சவுண்ட்பார்ல சத்தமே வரல பாரு. ஃபுல்லா வச்சிட்டேன்."

தம்பி செல்லதுரை, மனைவியிடம். தன் சவுண்ட்பார் என்று நினைத்து அவன் போனில் தொட்டது இந்தச் சாம்பல் பெட்டியை.

ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே எழுப்பிய சுவர் அது. நாலரை இஞ்ச். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பாகம் பிரித்தபோது வராத சண்டை, பொதுவான போர்வெல் தண்ணீரை யார் எந்த நாள் மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சுவது என்பதில் வந்தது. மூன்று வருடமாகப் பேச்சில்லை. செல்லதுரைக்கு இவர் இப்போது அண்ணன் இல்லை. மேற்குப் பக்கம் இருப்பதால் மேலண்ட வூட்டுக்காரர். அந்தப் பெயரைச் சுவர் வழியாக எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது.

அந்தப் பக்கமிருந்து திடீரென்று ஒரு கத்தல்.

"ஏ புள்ள, கேளு! நான் போட்ட பாட்டையே மேலண்ட வூட்டுக்காரரு போடுறாரு!"

"நீங்க எதைப் போட்டீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுதுலதான் சத்தமே வரலியே."

அழகேசனின் கை பிளக்குக்குப் போனது. பிடுங்கினால் முடிந்தது. கறுப்பை மாட்டிவிட்டால் இனி எப்போதும் வராது.

கை அங்கேயே நின்றது.

பாட்டு மாறியது. பழைய சோகப்பாட்டு.

"அட, இப்பத்தான் இதை மாத்துனேன் புள்ள! அதுவும் அங்க வருது!"

மறுபடி மாறியது. ஒரு தாலாட்டு. பாதியில் நின்று, ஒரு பக்திப்பாட்டு. செல்லதுரை சோதித்துப் பார்க்கிறான் என்று புரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஓர் "ஆத்தாடி".

அழகேசன் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜானகி முந்தானையால் வாயைப் பொத்தியபடி தரையில் சரிந்துவிட்டாள். இருவரும் சத்தம் போடாமல் சிரித்ததில் அவருக்கு விலா வலித்தது.

"ஏதோ மிஷின் கோளாறுங்க," என்றது பிரவீணாவின் குரல்.

"மிஷின்லாம் இல்ல." செல்லதுரை குரலைத் தாழ்த்தினான். சுவர் தாழ்த்தவில்லை. "எங்கண்ணனுக்கு என் மனசுல ஓடுறது தெரியும் புள்ள. சின்னதுலேருந்தே அப்படித்தான்."

அழகேசன் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

பக்திப்பாட்டு கடைசிவரை ஓடியது. அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. அது முடிந்து, நாளைக்கு ஊரே அவரைக் கேலி பேசும்படியாக ஒரு டிஸ்கோ பாட்டு வந்தது. அதையும் குறைக்கவில்லை.

எழுந்து கறுப்புப் பெட்டியின் ஒயரைச் சுருட்டினார். அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். டேப்பைத் தேடி எடுத்துப் பெட்டியின் வாயை ஒட்டினார்.

"கறுப்புதான் நல்லாருக்குன்னு காலையில சொன்னீங்க?" என்றாள் ஜானகி.

"சொன்னேன்."

டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கும்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

போர் தண்ணீர்ச் சண்டை நடந்த அன்று, வீட்டுக்குள் வந்ததும் அவர் செய்த முதல் வேலை வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதுதான். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னார்.

திரும்பி அவளைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டை எப்பக் குடுத்த?"

"நீங்க மாத்துன அன்னிக்கு சாயங்காலமே."