நாலாம் நம்பரின் தொண்டை

திரைக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் கிளாரினெட்டை ஊதத் தொடங்கியதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தங்கையேதான்.

இசைக்குழுவில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. நடுவர்கள் மூன்று பேரில் அக்காவும் ஒருத்தி. போட்டியில் தங்கையும் ஒருத்தி. யாரும் நாக்கில் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் திரை, பெயருக்குப் பதில் நம்பர்.

பக்கத்தில் மூத்த நடுவர் கண்ணை மூடித் தலையாட்டினார். எந்தக் கிளாரினெட்டையும் காதால் கேட்டே கம்பெனியைச் சொல்லிவிடுவேன் என்று அளப்பதால் குழுவில் அவருக்குப் பெயரே ‘பிராண்டு மாமா’.

“பிரெஞ்சுக் கம்பெனிம்மா, பழைய உருப்படி. சத்தியம் பண்ணுவேன்.”

“மரத்துக்கு ஏது மாமா குரல்? ஊதுற வாய்க்குத்தான் குரல்.”

அவள் சும்மா சொல்லவில்லை. கிளாரினெட்டில் துடிப்பது மரம் இல்லை. ஊதுகட்டையில் கட்டிய மெல்லிய நாணல் சீவல். அது துடிக்க, குழாய்க்குள் இருக்கும் காற்று பாடுகிறது. சீவலுக்கு இந்தப் பக்கம் வாசிப்பவரின் வாயும் தொண்டையும். நாக்கைக் கொஞ்சம் தூக்கினாலே நாதம் வேறாகிவிடும். கம்பெனி முத்திரை கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை என்பது அவள் கட்சி.

கீழ்ச் சுரங்களில் அந்த லேசான கரகரப்பு. வீட்டில் பக்கத்து அறையிலிருந்து வருடக்கணக்காகக் கேட்டது. தங்கையின் தொண்டை.

வாசிப்பு அபாரம். அதுதான் பயமாக இருந்தது. தங்கை என்பதால் ரத்தம் காதை ஏமாற்றுகிறதோ?

கை தூக்கும் நேரம் வந்தது. ரெண்டாம் நம்பருக்குத் தூக்கினாள். சுத்தமான நாதம், முன்பின் கேட்டறியாதது. மூன்றாவது நடுவரும் அதற்கே தூக்கினார். நாலாம் நம்பருக்குப் பிராண்டு மாமா மட்டும்.

ரெண்டாம் நம்பருக்கு நாற்காலி.

திரையை விலக்கினார்கள்.

நாலாம் நம்பர் ஒரு தாடிக்காரர்.

ரெண்டாம் நம்பர் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

“நீ கண்டுபிடிச்சிட்டா உனக்குத் தர்மசங்கடம்னுதான்க்கா என் பழைய கிளாரினெட்ட ஊதுகட்டையோட வித்துட்டேன். அதோ, அவர்தான் வாங்கினாரு. புதுசு எப்படி இருந்துச்சு?”

தாடிக்காரர் குழாயைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தங்கையின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு விட்டாள்.

“மாமா, அவர்கிட்ட பெட்டியை மூட வேண்டாம்னு சொல்லுங்க. நான் கை தூக்கினது தப்பு.”