பிடியரிசிக் கடன்

"எலியேதான்" என்று மாமியார் ஒச்சம்மாள் அடித்துச் சொன்னபோதுதான் சீதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அரிசிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமி நம்புவதாக இல்லை. காரைக்குடி பஸ்ஸில் கண்டக்டர் அவன். டிக்கெட் கணக்கில் ஐந்து பைசா உதைத்தாலே தூங்காத மனுஷன். ரேஷன் வரிசையில் நின்று வாங்கிய அரிசி மாசம் முடியும் முன்பே பானையின் அடியைக் காட்டினால் சும்மா இருப்பானா? அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன் என்றான்.

"அரிசியப் பூட்டி வச்ச வீடு வெளங்குமாடா?" என்று ஒச்சம்மாள் பாய்ந்தாள்.

பாவம், கிழவிக்கு விவரம் பத்தாது என்று சீதை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். திருடியதே அவள்தானே.

திருட்டு என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் பள்ளத்தூருக்கு மாற்றலாகி வந்த பால்வாடி டீச்சர் கல்யாணசுந்தரி தொடங்கி வைத்த பிடியரிசிச் சங்கம் அது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, அவரவர் தெருவில் ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததை இட்லிக் கடைக்கு விற்று, அந்தப் பணத்தை ஒருத்திக்குத் தொழில் செய்யக் கடனாகக் கொடுப்பார்கள். வட்டிக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆம்பளைகளுக்குத் தெரிந்தால் பணம் வேறு கடைக்குப் போய்விடும் என்பதால் யாரும் வீட்டில் மூச்சு விடுவதில்லை.

சீதைக்கு வேண்டியது ஒரு தையல் மிஷின். மிஷின் வந்தால் ஜாக்கெட் தைக்கலாம், வாடகைக்குப் பணம் சேர்க்கலாம், தனிக்குடித்தனம் போகலாம். வாடகையை நீ கொடு, மறுநாளே கிளம்பிவிடலாம் என்று கோட்டைச்சாமியும் வாக்குக் கொடுத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளையாவது குறை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறாளா இந்த ஒச்சம்மாள்? உப்பு ஏறினால் ஒரு பேச்சு, குறைந்தால் ஒன்பது பேச்சு. அந்த வாயிலிருந்து தப்பித்தால் போதும், கூரைக் கொட்டகை என்றாலும் அரண்மனைதான் சீதைக்கு.

கோட்டைச்சாமி விடவில்லை. சந்தையில் எலிப்பொறி வாங்கி வந்து, மசால் வடையைச் சொருகிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தான். முதல் நாள் வடையைத் தின்றது சீதை. எலி வந்த மாதிரி இருக்கட்டும் என்று தின்றாள், ருசியாகவும் இருந்தது. இரண்டாம் நாள் அவள் போவதற்குள் வடையைக் காணோம். அடடா, நிஜமாகவே எலி இருக்கிறதோ என்று ஆடிப்போனாள்.

வெள்ளிக்கிழமை மாமியார் கொப்புடையம்மன் கோயிலுக்கு என்று கிளம்பிப் போனதும், சீதை டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒன்றாகக் கூடுவது அன்றுதான் முதல் தடவை. சேர்ந்திருக்கும் பணம் ஒரு ஆளுக்குத்தான் வரும் என்றார் டீச்சர். வடக்குத் தெருவில் சீதை கேட்கிறாள், தெற்குத் தெருவில் ஒரு அம்மா கேட்கிறார்கள், அவர்களும் வரட்டும், பேசி முடிக்கலாம்.

வாசலில் செருப்புச் சத்தம். சீதை எட்டிப் பார்த்தாள். ஒச்சம்மாள்! தன்னைப் பிடிக்கத்தான் வந்துவிட்டாள் என்று, டீச்சர் ஏனென்று கேட்பதற்குள் உள்கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள்.

ஒச்சம்மாள் யாரையும் தேடவில்லை. மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, அரிசிக் குவியலில் கொட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவுகதான் தெற்குத் தெரு ஆத்தா என்றார் டீச்சர். யார் யாருக்கு என்ன உறவு என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. மற்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். வீட்டு வாசல் வடக்குத் தெருவில் என்றாலும் கொல்லைக் கதவு திறப்பது தெற்குத் தெருவில்தானே; பாதி அரிசியும் இரண்டாம் நாள் வடையும் போன வழி கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு விளங்கியது.

"எதுக்கு ஆத்தா கடன் கேக்குறீக?"

"பஸ் நிக்கிற எடத்துல பணியாரக் கடை போடப் போறேன், டீச்சர். கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு. அங்குட்டே பொங்கித் தின்னுட்டு அங்குட்டே படுத்துக்கிருவேன்."

"ஏன், வீட்ல மருமக பாக்கலயா?"

"தங்கமான புள்ளதான். ஆனா அவ கொழம்ப இன்னும் ஒரு வருசம் தின்னா, நான் போய்ச் சேந்துருவேன்."

டீச்சரே சிரித்துவிட்டார். ஆனால் சட்டம் சட்டம்தான். கடன் வாங்குகிறவருக்குச் சங்கத்தில் ஒருத்தி ஜாமீன் நிற்க வேண்டும், அவர் கட்டாவிட்டால் இவள் கட்ட வேண்டும். ஆத்தாவுக்கு யார் ஜாமீன் என்று கேட்டார்.

ஒச்சம்மாள் நாக்கில் அடிபடாதவர்கள் அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள்? ஆளாளுக்கு மோட்டு வளையைப் பார்த்தார்கள். ஒச்சம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. டீச்சர் பெருமூச்சு விட்டார். ஜாமீன் இல்லையென்றால் கடன் வடக்குத் தெருச் சீதைக்குத்தான் என்றார்.

சீதை சும்மா இருந்தால் போதும், மிஷின் அவளுக்கு. கதவு படாரென்று திறந்தது.

"எங்க அத்தைக்கே குடுங்க டீச்சர், ஜாமீன் நான் நிக்கிறேன்."