மேற்குச் சுவரின் விரிசல்

பழைய கல்லூரி மண்டபத்தின் மேற்குச் சுவரில் உச்சியிலிருந்து தரைவரை ஒரு விரிசல். அதைக் காட்டித்தான் வருஷா வருஷம் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பார்கள். வந்தவர்கள் விரிசலைத் தடவிப் பார்ப்பார்கள், கண் கலங்குவார்கள், அள்ளிக் கொடுப்பார்கள். சுவருக்குப் பெருமை தாங்காது.

"என்னைக் காப்பாற்ற எத்தனை பேர், பார்த்தாயா?" என்றது, விரிசலுக்குள் கூடு கட்டியிருந்த அணிலிடம்.

"கொடுத்ததெல்லாம் அங்கேயல்லவா போகிறது?" என்று எதிரே எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டியது அணில்.

"அது அவசரம். அடுத்தது என் வேலைதான்."

ஒருநாள், அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் படி கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் சவரிமுத்து, மனசு கேட்காமல், மிச்சமிருந்த சிமெண்டுக் கலவையைச் சட்டியில் அள்ளிவந்து விரிசலில் கரண்டியை வைத்தார். சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஆபீஸ் மேனேஜர் ஓடிவந்தார். "ஐயோ, கையை எடுங்க கொத்தனாரே! ஞாயித்துக்கிழமை துபாய்க்காரங்க வர்றாங்க. இதைப் பூசிட்டா அவங்களுக்கு எதைக் காட்டுறது?"

"அடுத்த மழைக்குத் தாங்காதுங்க சார்."

"போன மழைக்குத் தாங்குச்சில்ல?"

கொத்தனார் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சுவர் மெல்லச் சொன்னது:

"அணிலே, அந்தக் கட்டடத்து ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் இடமிருக்கும். குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விடு."

"நீ?"

"ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்களாம். அதுவரைக்குமாவது நிற்கிறேன்."