வெறும் வயிறு

"விடிஞ்சதிலிருந்து ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள் நர்ஸ்.

தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். நான் போட்டிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் உடுப்பை மாட்டி, சக்கரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். முதுகுப் பக்கம் நாடா முடிகிற சட்டை. அதைத் தைத்த மகராசனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். கழுத்து ஒரு பக்கம் போகிறது, தோள் ஒரு பக்கம் போகிறது. தையல் மிஷினை மிதித்தே பிழைத்தவளுக்கு எங்கே படுக்கப் போட்டாலும் கண் அங்கேதான் போகும்.

எனக்குப் பித்தப்பையில் கல். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, பையோடு சேர்த்து எடுத்துவிடுவார்களாம். "மறுநாளே எழுந்து நடக்கலாம்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த 'மறுநாளே'தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷனுக்குத் துணையாகத்தான் மகள் வந்திருந்தாள். கொண்டுவந்து விட்ட அன்றே வாசலில் நின்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார், தையல் பிரித்ததும் அனுப்பிவிடுங்கள் அத்தை என்று. தங்கமான பேச்சு.

அவள் வந்த பிறகுதான் என் வீடு வீடானது. அவள் அப்பா போனதிலிருந்து மூடியே கிடந்த இரண்டாவது மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு உட்கார்ந்தாள். நான் வெட்டிக் கொடுப்பேன், அவள் ஓட்டுவாள். மிஷினுக்கு எண்ணெய் விட்டவள் என் சாப்பாட்டில் எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டாள். முணுமுணுத்தால், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று என்னையே மிரட்டினாள். நம்மை மிரட்ட வீட்டில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு சுகம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அதனால்தான் தள்ளிப் போட்டேன்.

முதல் தடவை தேதி கொடுத்தபோது சளி என்று இருமினேன். பொய் இருமல். அடுத்த தடவை ஒரு பெரிய ஆர்டர் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்படி ஓர் ஆர்டரே இல்லை.

வலி மட்டும் பொய் இல்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றித் தோளுக்கு ஏறும். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். சத்தம் கேட்டால் அவள் என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாளே. கல் நழுவிக் குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் உயிரைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. கட்டிக்கொடுத்த பெண்ணை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறோமே, நாமெல்லாம் ஒரு தாயா?

மாப்பிள்ளை தினமும் போன் பண்ணுவார். மகள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விடுவாள். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை, கொஞ்சிக்கொள்ள ஆயிரம் இருக்கும் என்று நான் மிஷினைக் கடகடவென்று மிதிப்பேன். கண் சிவந்து திரும்பி வருவாள். ஐயோ பாவம், அவரைப் பிரிந்து இருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

கூசி என்ன பிரயோஜனம்? இன்று காலையில் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்த பிஸ்கட்டை அவசர அவசரமாக மென்று முழுங்கினேன்.

நர்ஸ் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உண்மையைச் சொல்லுங்க. வயித்துல ஏதாவது கிடந்து மயக்கத்துல அது மேல வந்தா, மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கும்."

"பிஸ்கட் சாப்பிட்டேன்."

"எத்தனை?"

"பாக்கெட்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெளியே போய் என் மகளை ஒரு பிடி பிடிப்பது இங்கே வரைக்கும் கேட்டது. பெரியவங்களைப் பார்த்துக்கத் தெரியாதா, டாக்டர் நேரம் வீணாப் போச்சு, இந்த வாரம் இனிமே இடம் கிடையாது. பாவம், என்னால் அவளுக்குத் திட்டு.

மகள் உள்ளே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பங்குக்கு அவளும் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

திட்டவில்லை. அதற்குள் போன் அடித்தது. ஒதுங்கிப் போக அங்கே இடம் ஏது? கட்டில் ஓரமாக நின்றே எடுத்தாள்.

"இன்னைக்கு நடக்கலைங்க... இல்லைங்க, என் தப்புதாங்க, நான்தான் பார்த்திருக்கணும்... கத்தாதீங்க, பக்கத்துல அம்மா இருக்காங்க..."

போனை அவள் காதோடு அழுத்திப் பிடித்திருந்தும் அவர் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தை, அத்தை என்று குழைகிற அதே குரல்தான். அது என் மகளைக் கூப்பிட்ட பெயர்களை என் வாயால் சொல்ல மாட்டேன். கடைசியில் அவள் அப்பாவையும் இழுத்தது. அதற்கும் அவள், "சரிங்க" என்றாள்.

போனை வைத்தாள்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எத்தனை தில்லுமுல்லு பண்ணினேன். அங்கே எப்படிடி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டேனா? பாவி, ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

மகள் திரையை இழுத்து மூடினாள். குனிந்து, என் வலது விலாவின் மேல் நோகாமல் கையை வைத்தாள்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நாள் இந்த வலியைத் தாங்கிக்குவியா?"